ஒரே அச்சில் நாற்பது ஈயக்குண்டு

படகில் எனக்கு ஓர் இடம் இருந்தது. எட்டுப் பேர் உட்காரும் படகில் எட்டாவது இடம். பின்பக்க மூலை, இன்ஜின் புகை நேராக மூக்கில் ஏறும். ஆனாலும் அது என் இடம். மாதத்தில் ஒரு ஞாயிறு, எங்கள் ஊர் பண்டார் தெங்காராவிலிருந்து இரண்டு காரில் மெர்சிங் கடற்கரைக்குப் போய், படகு பிடித்து, சாயங்காலம்வரை தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புவோம். இருபது வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்து, முதுகு போனபிறகு வீட்டோடு கிடக்கிறவன் நான். வீடு என்றால் என் மனைவி ஆர்டருக்கு முறுக்கு சுடுகிற இடம். எங்கே உட்கார்ந்தாலும் மாவு டின்னுக்கோ எண்ணெய்ச் சட்டிக்கோ இடைஞ்சல். என்னை யாரும் "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்று சொல்லாத ஒரே இடம் அந்தப் படகு மூலைதான்.

அதற்கும் வந்தது வினை. நடுக்கடலில் நங்கூரம் போட்டு எட்டுப் பேரும் நூலை இறக்கும்போது, எல்லார் நூலிலும் கட்டியிருக்கிற ஈயக்குண்டு ஒரே எடையாக இருக்கவேண்டும். லேசான குண்டை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் அடுத்தவன் நூலில் சுற்றிவிடும். படகோட்டுகிற தெக்கோங் ஒரு மலாய்க்காரர், என் வயசுதான், காசு கொடுத்தாலும் பேசமாட்டார். அவர் படகில் இருக்கிற ஒரே சட்டம் இதுதான். நான் ஒரு தடவை, கடையில் முந்நூறு கிராம் குண்டு இல்லையே என்று இருநூறு கிராம் வாங்கிப் போனேன். யார் எடைபோட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. என் நூல் நாலு பேர் நூலோடு பின்னிக்கொண்டது. தெக்கோங் கத்தியை எடுத்து எல்லாவற்றையும் அறுத்துப் போட்டார். கரைக்கு வந்ததும் என் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இந்த ஆளால் சிக்கல் விழுந்தால் இவரை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே ஆகிக்கொண்டார். என் இடத்துக்கு வேறு ஆள் கேட்டுக்கொண்டிருப்பதாக ஜாடையாகச் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த தடவை எட்டுப் பேருக்கும் நானே குண்டு ஊற்றிக் கொண்டுவருகிறேன், ஒரே அச்சு, ஒரே எடை, போதுமா என்று வாயை விட்டேன். அதுவரை நான் வாழ்க்கையில் ஊற்றியதெல்லாம் தேத்தண்ணிதான்.

அச்சை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு பாதியாகத் திறக்கும் அலுமினிய அச்சு. உள்ளே பித்தளைக் கம்பி வளையத்தை வைத்து மூடி, மேலே இருக்கிற துளையில் உருகின ஈயத்தை ஊற்றவேண்டும். ஆறியதும் திறந்தால் குண்டு, நூல் கட்ட வளையத்தோடு. ஈயத்துக்கு டயர் கடை முதலாளி தவுக்கேயிடம் போனேன். கார் சக்கரத்தைச் சமன் செய்ய விளிம்பில் அடிப்பார்களே சின்னச் சின்னக் கட்டி, அதில் கழற்றிப் போட்டதெல்லாம் ஒரு பெயின்ட் டின் நிறைய வைத்திருந்தார். இரண்டு பாக்கெட் முறுக்குக்கு டின்னோடு கொடுத்துவிட்டார். முறுக்கு மனைவியின் ஆர்டரிலிருந்து போனது என்பதை அவள் அடுத்த நாள்தான் கண்டுபிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். பழைய இரும்புச் சட்டி இருந்தது. அள்ளி ஊற்றக் கரண்டி இல்லை. சமையல்கட்டில் ஆணியில் தொங்கிய தாளிப்புக் கரண்டி அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. எடுத்துக்கொண்டேன். அச்சைச் சுத்தமாகக் கழுவினேன். அங்கேதான் முதல் பாடம். அச்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் ஈயம் சீறிக்கொண்டு வெளியே பாயும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் கரண்டியை ஊற்றினேன். படார். கைலியில் மூன்று ஓட்டை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், கொடியில் போட்டிருந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார். சத்தம் கேட்டு வந்த என் மனைவி முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு ஓட்டையைப் பார்த்தாள், பிறகு கரண்டியைப் பார்த்தாள். ஆள் பிழைத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைப் பற்றிப் பத்து நிமிஷம் சொன்னாள்.

அச்சைச் சூடுபண்ணிக் காயவைத்து மறுபடி ஆரம்பித்தேன். சட்டியில் பாதிக் கட்டிகள் வெண்ணெய் மாதிரி இளகிவிட்டன. மீதிப் பாதி மேலே மிதந்துகொண்டு உருகமாட்டேன் என்று அடம் பிடித்தன. நானா விடுகிறவன்? நெருப்பைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், கடைசியில் அதுவும் கஞ்சிபோல் ஆனது. அள்ளி அள்ளி ஊற்றினேன். மத்தியானத்துக்குள் நாற்பது குண்டு. பிசிறு வெட்டி, அரத்தால் தேய்த்து, வெயிலில் வரிசையாக அடுக்கினேன். பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை.

மனைவி வந்து இரண்டைக் கையில் எடுத்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள். நாளெல்லாம் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று முறுக்கு நிறுத்துக் கட்டுகிற கை அது.

"என்னங்க, இது ரெண்டும் ஒரே எட இல்ல."

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒரே அச்சில் ஊற்றியது எப்படி வேறு எடை ஆகும்? ஒரே தட்டில் ஊற்றின இட்லி ஒன்று பெரிசு ஒன்று சின்னதாகவா வருகிறது என்று கேட்டேன்.

"அளவு ஒண்ணுதான் வரும். மாவு சரியில்லன்னா ஒண்ணு கல்லு, ஒண்ணு பஞ்சு. தராசுல போட்டுப் பாருங்க."

மீன்பிடிப்பதைப் பற்றி முறுக்குக்காரி எனக்குச் சொல்லித்தரவேண்டாம் என்றேன். அவள் இரண்டு குண்டையும் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படிப் பேசாமல் போனால் எனக்குத்தான் ஆபத்து என்று இருபத்தாறு வருஷத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்த ஞாயிறு மெர்சிங்கில் நல்ல வெயில், நல்ல நீரோட்டம். படகு நின்றதும் ஆளுக்கு ஐந்து குண்டு விநியோகம் செய்தேன். ஒருவர் முதுகில் தட்டினார். இன்னொருவர், கடையில் வாங்கினதுகூட இவ்வளவு அழகாக இல்லை என்றார். எட்டு நூலும் இறங்கியது. கால் மணி நேரம் ஆகியிருக்காது, மச்சானின் தூண்டில் வளைந்தது. பெருசுலா, பெருசு என்று எழுந்து நின்றார். அவர் இழுக்க, அடுத்தவர் தூண்டிலும் வளைந்தது. அப்புறம் என்னுடையது. அப்புறம் எல்லாருடையதும். எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் ராட்சச மீன்! மச்சான் ஒரு கையால் போனை எடுத்து இரண்டு வீட்டுக்கும் வீடியோ கால் போட்டுவிட்டார். அவர் மனைவி, என் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பக்கம் கைதட்டுகிறார்கள். நான் கண்ணில் தண்ணீர் வர இழுக்கிறேன். எதிர்ப்பக்கம் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார். நான் இழுத்தால் அவர் தூண்டில் வளைகிறது, அவர் இழுத்தால் என்னுடையது வளைகிறது. அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

கடைசியில் மேலே வந்தது தேங்காய் அளவுக்கு ஒரு நூல் உருண்டை. எட்டு நூல், எட்டுக் குண்டு. நடுவில் சிக்கிக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒரு கெளுத்தி எங்களைப் பார்த்தது. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மானம் கப்பலேறியது என்பார்களே, என் மானம் நேரடி ஒளிபரப்பில் ஏறியது.

தெக்கோங் வந்து, உருண்டையிலிருந்து இரண்டு குண்டை அறுத்தெடுத்துப் பலகையில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று டொப் என்று விழுந்தது. மற்றது டிங் என்றது. டிங் என்றது ஈயமே இல்லை, துத்தநாகம், இப்போதெல்லாம் சக்கரத்தில் அதையும் அடிக்கிறார்கள், அதைக் கலந்தால் எடை வெகுவாகக் குறைந்துபோகும் என்று மலாயில் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு, யார் ஊற்றியது என்று கேட்டார். ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மூலையில் அதற்குமேல் நான் எங்கே ஒளிவது? திரும்பி வரும்போது காரில் மச்சான் ரேடியோகூடப் போடவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "மாப்ள, மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னார்.  படகு போச்சு.

மனைவி எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்திருந்தாள். நான் சொன்னேன் பார்த்தீங்களா என்று கேட்பாள், நானும் கத்தலாம் என்று தயாராக வந்தேன். அவள் கேட்கவில்லை. மறுநாள் காலையில் டயர் கடையிலிருந்து இன்னொரு டின் கட்டியை அவளே வாங்கிவந்து, பின்பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டியாகச் சிமெண்டுத் தரையில் போட்டாள். டொப் என்றால் சட்டிக்கு, டிங் என்றால் குப்பைக்கு. நான் ஊற்றினேன், அவள் தராசில் வைத்தாள், கூடினதைத் தேய்க்கச் சொன்னாள், குறைந்ததைத் திரும்ப உருக்கச் சொன்னாள். நாற்பது குண்டுக்கு இரண்டு நாள் ஆனது. அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

திரும்பி வந்து சொன்னாள். தெக்கோங் என்னை நம்பமாட்டாராம். அதனால் அடுத்த மாதம் என் இடத்தில் அவளே போய், குண்டு சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டு வரப்போகிறாளாம். சிக்கல் விழவில்லை என்றால் அதற்கடுத்த மாதம் என் இடம் எனக்கு. கடலில் ஒரு தடவைகூடப் போகாதவள், எனக்காகப் போகிறேன் என்கிறாள். அடுத்த மாத ஞாயிறும் வந்தது. இஞ்சி மிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அன்று முழுக்க நான் ஆடிப்போய்க் கிடந்தேன். வாந்தி எடுப்பாளோ, சிக்கல் விழுமோ, என் பெயர் இன்னும் கெடுமோ. சாயங்காலம் கார் வந்து நின்றது. கையில் இரண்டு செந்நவரை மீன், ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் குறையாது. எட்டு நூலில் ஒன்றுகூடச் சிக்கவில்லையாம். தெக்கோங் இரண்டு தடவை சிரித்தாராம். அடுத்த மாதம் உன் தங்கை வீட்டுக்காரரை வரச்சொல் என்று அவரே மச்சானிடம் சொல்லிவிட்டாராம். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"நான்தான் முடியாதுன்னுட்டேன்," என்றாள்.

என்ன முடியாது என்று கேட்டேன்.

"அந்த எடம் எனக்கு வேணும். காலையிலேருந்து ஒருத்தரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கலங்க. பசிக்குது, எங்க வெச்ச, எத்தன கிலோ ரெடி, ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருந்தேன். சும்மா உக்காந்து எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டு டின் ஈயத்தை உருக்கினது நான், கைலி ஓட்டையானது எனக்கு, மானம் போனது எனக்கு. இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் மூக்கு நுனி வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. மீனைக் கீழே வைக்க மனமில்லாமல் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தரையெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசத்துக்கு எத்தன குண்டு வேணும்?" என்று கேட்டேன்.