கடதாசி தின்ற கதை

பேர்பெச்சுவா அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆத்திரம்தான். அழுகை பிறகு வரும். சில நாட்களில் அதுவும் வருவதில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு நாங்கள் இருவரும் ஒரே அறைக்குள் போடப்பட்டோம். ஜெர்மனியில், கொலோனிலிருந்து ரயிலில் போனால் அதிக தூரமில்லாத ஒரு நகரம். மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றின் வேலையாள் விடுதியை அகதிகள் தங்கும் ஹைம் ஆக்கியிருந்தார்கள். கிழக்குப் பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, பிறகு பொதிபோல அங்கே அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். வேலை செய்யக்கூடாது, மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. சாப்பாடு பெட்டியில் வரும், அதற்குள் என்ன இருக்க வேண்டுமென்று எங்களை யாரும் கேட்டதில்லை.

அக்கா இளவாலையில் பிறந்தவர். கொழும்புச் சட்டக் கல்லூரியில் படித்து, யாழ்ப்பாண நீதிமன்றங்களில் கறுப்பு அங்கியோடு நின்று வழக்குப் பேசியவர். காணி வழக்கும், விட்டுப்போன புருசனிடம் செலவுக்குக் கேட்கிற தாபரிப்பு வழக்கும்தான் அதிகம். கணவர் சூசைதாசன் கணக்கு வாத்தியார். ஒரே மகள் கொறற்றி. அந்தப் பிள்ளையைத் தன் தமக்கையிடம் விட்டுவிட்டுத்தான் அக்கா வந்திருந்தார். அகதியாக ஏற்றுக்கொண்டால் மகளைக் கூப்பிடலாம், இல்லாவிட்டால் ஏலாது. அவர் எழும்புவதும் சாப்பிடுவதும் ஜெர்மன் படிப்பதும் அந்த ஒன்றுக்காகத்தான்.

எவரோடும் வாதாடுகிற குணம் அவருக்கு. ஹைமைப் பார்த்துக்கொள்கிறவன் ஒருநாள் சமையலறைக் கதவில், இனிமேல் மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் என்று ஒட்டிவிட்டுப் போனான். நாங்கள் முணுமுணுத்தோம். அக்கா மட்டும் அவனை நடைவழியின் நடுவில் மறித்து, எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் இது இருக்கிறது என்று தன் அரைகுறை ஜெர்மனில் கேட்டார். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு திறப்பை எடுத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

"பாத்தியே ஜெயமலர், சட்டம் அவன்ர திறப்பில இருக்கு" என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் தன்பாட்டில் சிரித்தார்.

ஏன் சிரிக்கிறார் என்று கேட்டேன். அப்போதுதான் அமெரிக்கக்காரர் சிலரின் கதை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சட்டம் படிப்பித்த சில பேராசிரியர்கள் ஒரு பெரிய கலகம் செய்தார்களாம். அதுவரைக்கும் சட்டம் என்றால் ஒரு யந்திரம், ஒரு பக்கத்தால் நடந்ததைப் போட்டால் மறுபக்கத்தால் தீர்ப்பு விழும் என்றுதான் எல்லோரும் படிப்பித்தார்கள். இவர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நீதிபதியும் மனிதன்தான், முதலில் தீர்மானிப்பான், பிறகுதான் நியாயம் தேடுவான்; சட்டம் என்னவென்று அறிய வேண்டுமானால் புத்தகத்தை மூடிவிட்டு நீதிமன்றத்தில் போய் இருந்து, அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள் என்றார்களாம்.

"இது விசர்க் கதை எண்டு நான் கட்டுரை எழுதினனான். சட்டத்தில நம்பிக்கை இழந்தவையின்ர புலம்பல் எண்டு எழுதினனான். கல்லூரியில எனக்குத்தான் பரிசு" என்றார்.

அந்தக் கட்டுரையை எழுதிய பெண்தான், எண்பத்து நாலின் கடைசியில், பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோன கணவரைத் தேடி ஆமி முகாம் வாசலுக்குப் போனவர். கையில் ஒரு மனு. கைது செய்தவரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தும்படி, எல்லாப் பிரிவுகளையும் காட்டித் தானே தட்டச்சு செய்தது. அதிகாரி அவரை உள்ளே கூப்பிட்டு, முற்றத்தில் நிற்கவைத்து, உரத்து வாசிக்கச் சொன்னான். வாசித்தார். முடிந்ததும் அந்தக் கடதாசியைக் கிழித்து அவர் வாயில் திணித்து, தின்னச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தின்றுமுடியும்வரை விடவில்லை. சூசைதாசன் வாத்தியார் திரும்பி வரவேயில்லை.

ஜெர்மனிக்கு வந்தபின் நடந்த முதல் விசாரணையில் அக்கா இதைச் சொல்லவில்லை. கணவர் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னார். சொல்ல வாய் வரவில்லை என்றார். ஒருநாள் சமையலறையில் என்னிடம்தான் முதன்முதலாக வாய் திறந்தார். அடுத்த அடுப்பில் கருவாடு பொரித்துக்கொண்டு நின்றவர் நவரத்தினம். சாவகச்சேரியில் கடை வைத்திருந்தவர், நல்ல மனுசன், யாருக்கும் ஓடி உதவுவார். அவரும் கேட்டார். கண் கலங்கிக் கருவாட்டைக் கருகவும் விட்டார்.

விண்ணப்பங்களை முதலில் பார்க்கிற அலுவலகம் எல்லோரையும் நிராகரித்தது. வழக்குப் போட்டோம். எல்லோருடைய வழக்கும் ஒரே நீதிபதியின் முன்னால்தான் வரும். நீதிமன்றம் எங்கள் நகரத்திலேயே இருந்தது, விசாரணையை யாரும் போய்ப் பார்க்கலாம். அக்கா கிழமைக்குக் கிழமை போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தார். பேச்சுத்துணைக்கு நானும் போவேன்.

"அமெரிக்கக்காரன் சொன்னதைச் செய்து பாப்பம்" என்றார்.

நீதிபதி கத்துகிற ஆளில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிற, மரியாதையான மனிதர். ஆனால் ஒருவர், ஆமி வந்தது, ஊரைச் சுற்றிவளைத்தது, என்னையும் பிடித்தது என்று தொடங்கியதும் பேனையைக் கீழே வைத்துவிடுவார். பேனை கீழே போனால் வழக்கும் போய்விட்டது. தீர்ப்பில் ஒரே வசனம்தான் வரும்: எல்லோருக்கும் பொதுவாக நடப்பது உள்நாட்டுப் போரின் விளைவு, தனிப்பட்ட அரசியல் துன்புறுத்தல் அல்ல. ஊரையே அடித்தால் ஒருவரையும் அடிக்கவில்லையாம். இதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கும்போதெல்லாம் எனக்கு எதையாவது உடைக்க வேண்டும் போலிருக்கும்.

பத்திரிகையில் பெயர் போட்டு எழுதிய ஓர் ஆசிரியரை அந்த மனிதர் நம்பினார். நவரத்தினத்தையும் நம்பினார். நவரத்தினத்தின் வழக்கன்று நாங்கள் போகவில்லை, அக்காவுக்குக் காய்ச்சல். நவரத்தினம் வென்றுவிட்டு வந்து ஹைம் முழுக்கக் கோழி சமைத்துக் கொடுத்தார். அக்காவுக்கு மட்டும் தனியாக ரசம் வைத்துக்கொண்டு வந்தார். கேஸ் எப்படிப் போனது என்று கேட்டதற்கு, மாதா காப்பாற்றினா என்றார். அவர் சைவ சமயம், மாதாவைக் கும்பிடுகிறவர் அக்காதான். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அந்தக் காய்ச்சல் இழுத்ததில் சில மாதங்கள் நாங்கள் நீதிமன்றப் பக்கம் போகவில்லை. பிறகு வந்தது புவனேந்திரனின் வழக்கு. எங்கள் மாடியில் இருந்தவர், அதிகம் பேசாத சாதுவான ஆள். பின்வாங்கில் நாங்கள் இருவரும் இருந்தோம். டார்ம்ஸ்டாட்டில் பொறியியல் படிக்கிற தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

புவனேந்திரன் எழுந்து, தமையனைப் பிடித்தார்கள் என்றார். முகாமுக்கு மனுவோடு போனேன் என்றார். முற்றத்தில் நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள் என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அசையவில்லை.

"பிறகு அந்தக் கடதாசியைத் தின்னச் சொன்னவங்கள்."

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். மெல்லமாக ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்து எழுதியவள் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொன்னார்.

"ஸாரி, ஜட்ஜ் கேக்கறார். ஸ்ரீலங்கா ஆர்மி முகாமுக்கு வர்றவங்களுக்குப் பேப்பர் தவிர வேற எதுவும் சாப்பிடக் குடுக்கறதில்லையான்னு. இந்தக் கதைய அவர் நிறைய தடவை கேட்டாச்சாம்."

அக்கா எழுந்து வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்தார். ஒன்றும் வரவில்லை.

எங்கள் சனத்தின் பழக்கத்தை நான் சொல்லத்தான் வேண்டும். ஒருவருக்கு ஒரு கேஸ் வென்றால் அது ஊர்ப் பொதுச் சொத்து. வெட்கப்படாமல் கேட்பார்கள், மறைக்காமல் கொடுப்பார்கள். கறி எப்படி வைத்தாய் என்று கேட்பது மாதிரிதான். தன் வீடு எரிந்ததை விட்டுவிட்டு, இன்னொருவன் வென்ற கதையை மனப்பாடம் செய்துகொண்டு போவான் ஒருவன். தன் உண்மையில் ஒருவருக்கும் நம்பிக்கையில்லை. நவரத்தினம் வென்றபிறகு ஹைமில் பாதிப்பேர் நீதிபதியின் முன்னால் கடதாசி தின்றார்கள்.

அன்று பின்னேரமே நான் நவரத்தினத்தின் அறைக்குப் போனேன். அக்கா வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். நவரத்தினத்தின் மனைவியும் பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்து சில நாட்கள்தான். சின்னவன் கட்டிலில் நித்திரை.

"அண்ணை, அக்காவின்ர கதையை எடுத்துச் சொல்லி வெண்டனீங்கள். சரி. பிறகு ஏன் ஊருக்கெல்லாம் பங்கு வைச்சனீங்கள்?" என்றேன்.

அவர் முகம் கறுத்துப் போனது. மறுக்கவில்லை.

"என்ர கடையை எரிச்சதைச் சொன்னா அந்தாள் பேனையைக் கீழ வைக்கும் எண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள். பெடியள் வந்து கேட்டாங்கள், குடுத்தன். நான் என்ன களவெடுத்தனானே, அக்கா? உங்கட கதை குறைஞ்சு போச்சோ?"

அக்கா கட்டிலில் கிடந்த சின்னவனின் போர்வையை இழுத்துவிட்டார்.

"ஓம் நவரத்தினம், குறைஞ்சு போச்சு" என்றார். "வாற மாதம் எனக்குக் கோட்டில ரெர்மின். நான் எதைக் கொண்டு போறது?"

எனக்கு நவரத்தினத்தை அடிக்கவேண்டும் போலிருந்தது. அதைவிட, அந்தக் கண்ணாடி துடைக்கிறவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. பத்துப்பேர் ஒரே பொய்யைச் சொன்னால், அது எங்கோ ஒருவருக்கு உண்மையாக நடந்திருக்கும் என்று ஏன் அந்த மண்டைக்குத் தோன்றவில்லை?

வெளியே வந்து, நான் போய் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று குதித்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"சொன்னா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். அவன்ர விசாவைப் பறிப்பாங்கள். அதுக்காக என்னை நம்பமாட்டாங்கள். இவ்வளவு நாளும் அந்த வாங்கில இருந்து நான் படிச்சது அதுதான்."

அதன்பிறகு அவர் அழவில்லை. யோசித்தார். ஒரு வழக்கறிஞர் கட்சிக்காரருக்காக யோசிப்பதுபோலத் தனக்காக யோசித்தார். இந்த நீதிபதி யாரை நம்புகிறார்? தன்னைப்போல் படித்து, பெயர் போட்டு எழுதி, பலருக்குள் தனித்துத் தெரிகிறவரை. எதை நம்பமாட்டார்? ஆமி பிடித்துக்கொண்டு போனது என்று தொடங்குகிற எதையும்.

ஆகவே அவர் ஒரு பொய்யைக் கட்டினார். பிடிபட்ட மாணவர்களுக்காகத் தான் நீதிமன்றத்தில் பேசியதாகவும், அதற்காகத் தன் பெயர் பொலிஸ் பட்டியலில் ஏறியதாகவும். வாழ்க்கையில் ஒரு அரசியல் வழக்கும் பேசாத மனுசி. அந்தப் பொய்க்குள் கணவரைக் கொண்டுவந்தால் பேனை கீழே போய்விடும். அதனால் சூசைதாசன் வாத்தியார் காய்ச்சலில் செத்துப்போனார்.

விசாரணையன்று நான் பின்வாங்கில் இருந்தேன். அக்கா நிமிர்ந்து நின்று, பிரிவு பிரிவாக, தேதி பிசகாமல் சொன்னார். நீதிபதி பேனையைக் கீழே வைக்கவேயில்லை. கணவர் எப்படி இறந்தார் என்று ஒரு கேள்வி வந்தது. காய்ச்சல் என்றார் அக்கா. குரல் உடையவில்லை. நீதிபதி மரியாதையோடு தலையை ஆட்டி, அனுதாபம் தெரிவித்தார். அந்த அனுதாபத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

வென்றார். ஹைமுக்கு வரும் வழியில் ஒரே ஒரு தடவை பேசினார்.

"அந்த அமெரிக்கக்காரர் சொன்னது முழுக்கச் சரி. ஆனா அவையில ஒருத்தரும் சாட்சிக் கூட்டில நிண்டு, புருசனைத் தன்ர வாயால இன்னொருக்காச் சாகடிச்சிருக்க மாட்டினம்."

எண்பத்தேழின் தொடக்கத்தில் கொறற்றி வந்தாள். கறுத்து மெலிந்த, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை. அவளை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் பதியக் கொண்டுபோகவேண்டும். பிள்ளையிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டால்? அக்கா ஒரு கிழமையாகச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். வாயைத் திறப்பார், பிறகு பிள்ளையின் தலையைச் சீவிவிடத் தொடங்கிவிடுவார். அலுவலகத்துக்குப் போன அன்று ட்ராமிலும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாரே தவிர ஒரு சொல் சொல்லவில்லை. நீயாவது சொல்லு என்று என்னைப் பார்த்தார். என்னாலும் ஏலாமல் போய்விட்டது.

அலுவலகத்தில் இருந்தவள் சிரித்த முகம். பிள்ளைக்கு ஒரு இனிப்புக் கொடுத்தாள். மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பெயர் கேட்டாள், பிறந்த இடம் கேட்டாள்.

"அப்பா எங்க?"

அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

கொறற்றி இனிப்பை மடியில் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா காய்ச்சல் வந்து செத்தவர்."

அலுவலகக்காரி எழுதிக்கொண்டாள், முத்திரை குத்தினாள், ஜெர்மனிக்கு நல்வரவு என்றாள்.

வெளியே வந்ததும் அக்கா நடைபாதையில் அப்படியே குந்திவிட்டார். பிள்ளையின் தோளைப் பிடித்து, இதை யார் உனக்குச் சொல்லித்தந்தது என்று கேட்டார்.

"பெரியம்மாதான். றோட்டுச் சென்றியில ஆமி மறிச்சு அப்பா எங்க எண்டு கேட்டா, இப்பிடித்தான் சொல்லோணும் எண்டு சொன்னவ. வேற என்னவும் சொன்னா எங்களையும் கொண்டுபோயிடுவாங்களாம்." கொறற்றி தாயின் முகத்தைப் பார்த்தாள். "நான் பிழை விடாமச் சொன்னனானே, அம்மா?"

"ஓம் பிள்ளை" என்றார் அக்கா. "சரியாச் சொன்னனீ."