சதவீதம் சார்

புட்டியின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். நூலளவு கீறலோ குண்டூசித் தலை அளவு குமிழோ இருந்தால் போதும், புட்டி கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். மருந்துப் புட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர் அவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் புட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்கும்போதுதான்.

முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'சதவீதம் சார்'. நேரில் வெறும் சார். மழை வருமா என்று கேட்டால்கூடச் சதவீதத்தில்தான் பதில் வரும். ஸ்டோர்ஸ்காரரின் தங்கையைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், தாய்க்கு ஆபத்து ஆயிரத்தில் எத்தனை என்று சொல்லி அந்த மனிதரை அழவைத்த புண்ணியவான்.

புது நோய் பரவ ஆரம்பித்ததும் சாருக்குக் கொண்டாட்டம். சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுத் தொடங்கிவிடுவார்.

"வருஷா வருஷம் ஃப்ளூல எத்தன பேரு போறான் தெரியுமா? அதுக்கு எவனாவது கடைய மூடினானா? இது ஆயிரத்துக்கு ஒண்ணு. நம்ம லைன்ல ஆயிரத்துக்கு ஒண்ணுதான் ரிஜெக்ட்னா முதலாளி கூப்பிட்டுக் கை குடுப்பாரு."

எதிரே உட்காரும் லாரி டிரைவர் வேறு ரகம். கைபேசியில் வந்து விழுவதெல்லாம் அவருக்கு வேதவாக்கு.

"ஊர்ல பாதி காலியாகப் போகுது சார்."

"எவன் சொன்னான்?"

"வந்துச்சு சார்."

தினமும் இதே மல்லுக்கட்டு. ஒருவர் எல்லோரையும் சாகடிப்பார், மற்றவர் ஒருவரையும் சாகவிடமாட்டார். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

சாரின் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. ஃப்ளூவுக்கு ஒரு முழு வருஷத்துச் சாவை எடுத்துக்கொள்வார். புது நோய்க்கு, அது வந்து இறங்கியதிலிருந்து நேற்று வரைக்கும்தான். வகுப்பதற்கோ நோய் வந்தவன், வராதவன், இன்று காலை பிறந்த குழந்தை எல்லாம் சேர்ந்த மொத்த ஜனத்தொகை. கழிவுத் தொட்டியில் கிடக்கும் புட்டி பக்கத்துப் புட்டியின் மேல் மூச்சு விட்டு அதையும் உடைப்பதில்லை, மனிதன் உடைப்பான். இந்தச் சின்ன வித்தியாசம் இத்தனை வருஷம் புட்டி பார்த்தவருக்குப் பிடிபடவே இல்லை. பிடிபட்டால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காதே.

அவருக்கு எதிர் மேசையில் நின்று புட்டிகளை அட்டைப் பெட்டியில் அடுக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு வெறும் பேச்சு இல்லை. அவள் கணவனுக்கு அவன் தம்பியின் சிறுநீரகத்தை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அது நிலைக்க வேண்டும் என்று அவன் விழுங்கும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் படுக்கவைத்துவிட்டன. "சாதாரணக் காய்ச்சல்கூட வீட்டுக்குள்ள வரக்கூடாதும்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாத்திரை வாங்குவது அவள் சம்பளத்தில்தான் என்பதால் வேலையை விடவும் வழியில்லை. வீடு திரும்பிக் குளித்த பிறகும் அவன் அறைக்குள் போகமாட்டாள். வாசலிலேயே நின்று, அன்றைக்கு சாரும் டிரைவரும் போட்ட சண்டையை நடித்துக் காட்டி அவனைச் சிரிக்கவைப்பாள்.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் கூச்சத்தை விட்டுக் கேட்டே விட்டாள். "சார், பேசும்போது மாஸ்க்க கொஞ்சம் மேல ஏத்திக்கங்க சார். எங்க வீட்ல அவருக்குக் கிட்னி மாத்தியிருக்கு."

"அவரு ஏற்கெனவே வீக் பீஸும்மா" என்றார் சார். "அவர இந்தக் கணக்குல சேக்கவே கூடாது. அப்படிப்பட்ட ஆளு போனா, நோயால போனாருன்னு சொல்ல முடியாது, பாத்துக்க."

கோபமே இல்லாமல், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் குரலில் சொன்னார். அவர் பீஸ் இல்லை சார், என் வீட்டுக்காரர் என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.

இந்த வாரம் சார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, சாப்பிடாமலே மூடிவைத்தார். இருமல் வேறு. "சீசன் சளி. வருஷா வருஷம் வர்றதுதான்" என்றார், யாரும் கேட்காமலே.

நேற்றுக் காலை தொழிற்சாலை வாசலில் வழக்கமான வரிசை. காவல்காரர் ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். வண்டி நிறுத்தும் இடத்துக் குழாயடியில் சார் குனிந்து, நெற்றியில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பிறகு கைக்குட்டையால் ஒற்றி, ஈரம் தெரியாதபடி துடைத்து, அவளுக்கு முன்னால் வந்து வரிசையில் புகுந்துகொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தது. கருவி 'பீப்' என்றது.

"நார்மல். போங்க சார்."

பார்க்கிற புட்டியை எல்லாம் சந்தேகப்படும் மனிதர், பச்சைப் பொய்யை நெற்றியில் பூசிக்கொண்டு உள்ளே நடக்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, சார் இப்பதான் நெத்தியப் பச்சத் தண்ணில கழுவிட்டு வந்தாரு. கொஞ்ச நேரம் உக்கார வச்சு மறுபடி பாருங்க."

"என்னம்மா பேசுற நீ? வேர்த்துது, கழுவினேன்" என்றார் சார்.

"அப்ப உக்காருங்க சார், காயட்டும்." காவல்காரர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சார் உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து ஃப்ளூவும் வரவில்லை, ஆயிரத்துக்கு ஒன்றும் வரவில்லை. அவள் உள்ளே போகாமல் ஓரமாக நின்றாள். நெற்றி நன்றாகக் காய்ந்த பிறகு காவல்காரர் மறுபடியும் வந்து, கருவியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

சார் இரண்டு கைகளையும் தூக்கி நெற்றியைப் பொத்திக்கொண்டார்.