தபசுக்கு மறுநாள் போட்ட கோடு

சங்கரன்கோவிலில் மருதப்பன் அண்ணாச்சியோடு தெருவில் நடப்பது லேசான காரியம் இல்லை. ரேஷன் கடை வாசலில் சட்டென்று நிற்பார். இல்லாத எதையோ தாண்டுவதுபோல் காலைத் தூக்கி வைப்பார். கேட்டால், அங்கே கோடு போகிறதாம். அந்த இடம் ஒரு காலத்தில் கால்பந்து மைதானம். அவர் பந்து ஆடியவர் இல்லை, முப்பது வருடம் ஆட்டத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டவர். மைதானங்கள் போய்விட்டன, கோடுகள் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. "இவருக்கு பஸ்ஸு தெரியாது, லாரி தெரியாது, கோடு மட்டும் தெரியும்" என்று அவர் மனைவி பார்வதியம்மாள் தலையில் அடித்துக்கொள்வார்.

சென்ற மாதம் மதுரையிலிருந்து ஆஷிக் அலி வந்தார். எங்கள் ஊர் அணியில் பார்வர்டு ஆடியவர், இப்போது அங்கே செருப்புக்கடை வைத்திருக்கிறார். பழைய மைதானங்களை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். இருவரையும் என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். ஏறும் முன்பு அண்ணாச்சி என் காதோரம், "காசி, இன்னைக்கு அவங்கிட்ட ஒண்ணு சொல்லியாகணும். சொன்னதுக்கு அப்புறம் என் மூஞ்சியில முழிப்பானோ என்னமோ" என்றார். அன்று அவர் வெற்றிலைகூடப் போடவில்லை.

முதல் மைதானம் விசைத்தறிக் கூடம் ஆகிவிட்டது. தறிச் சத்தத்துக்கு நடுவே இருவரும் கண்ணை மூடி நின்றார்கள். கேட்கக் கேட்க எனக்கும் யாரோ கை தட்டுவதுபோல இருந்தது. நானோ ஒரு ஆட்டம்கூடப் பார்த்தவன் இல்லை. அடுத்தது ரேஷன் கடையும் வீடுகளும். ஒரு மாடியில் காய்ந்த சேலைகள் காற்றில் உப்பின. "அங்கனதான் கொடி நட்டிருப்போம்" என்றார் அண்ணாச்சி. ஆஷிக் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியான வெயிலில் ஊரே பாதித் தூக்கத்தில் கிடக்க, நாங்கள் மூன்று பேரும் வேறொரு ஊரில் திரிந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது, கல்யாண மண்டபம். அன்று முகூர்த்தம் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அண்ணாச்சி விறுவிறுவென்று போய் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஆஷிக், ஆடித்தபசுக்கு மறுநாள் பைனல். ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா அண்ணாச்சி? வேலை போட்டுக் குடுக்குற டீம்காரங்க செலக்ஷனுக்கு வந்து உக்காந்திருந்தாங்க. நான் அடிச்ச பந்து கோட்டத் தாண்டல. இன்னும் கொஞ்சம் அழுத்தி அடிச்சிருக்கணும்."

"தாண்டிடுச்சு மக்கா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தபசுத் திருவிழாவுக்கு வந்த வேன்களை நிறுத்துவதற்காக மைதானத்துக் கோல் கம்பங்களைப் பிடுங்கியிருந்தார்கள். மறுநாள் திரும்ப நட்டவர்கள் ஒரு சாண் முன்னால், மைதானத்துக்குள் தள்ளி நட்டுவிட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் நூல் பிடித்துத்தான் கோடு போட வேண்டும். இவர் தபசு பார்த்த தூக்கக் கலக்கத்தில், தரையில் தெரிந்த பழைய தடத்தின் மேலேயே பொடியைத் தூவிவிட்டார். பந்து கம்பங்களைத் தாண்டி முழுசாக உள்ளே போய், இவர் போட்ட கோட்டின் மேல் நின்றது. நடுவர் கோட்டைப் பார்த்தார், கோல் இல்லை என்றார். ஆட்டம் முடிந்த பிறகுதான் அண்ணாச்சிக்குத் தன் தப்பு தெரிந்தது. வாய் திறக்கவில்லை. தறியூரில் நூலுக்கா பஞ்சம்! நினைத்தால் இப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது.

"இருபத்தெட்டு வருசமா நான் என் காலைத்தான அண்ணாச்சி திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் ஆஷிக்.

அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

"ஒழுங்கான கோடு எங்கன வரும்? காட்டுங்க" என்றார் ஆஷிக்.

அண்ணாச்சி குனிந்து ஈரத் தரையில் விரலால் இழுத்தார். ஆஷிக் செருப்பைக் கழற்றிவிட்டு, அதைத் தாண்டிப் போய் நின்றார். நின்றபடியே செல்போனை எடுத்து மதுரையில் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி பஸீலா, அது கோலுதான்."

எந்தக் கோல் என்று பஸீலா கேட்கவில்லை. "நாந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்லா!" என்று அவர் கத்தியது எங்கள் இருவருக்கும் கேட்டது.