வியாழக்கிழமைத் தொப்பிகள்

அடுத்தவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் தொழில்கள் உலகத்தில் அதிகம் இல்லை. நீச்சல் குளத்து வாசலில் இருப்பது அவற்றில் ஒன்று. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு நகராட்சிக் குளத்தில் நான் சீட்டுக் கொடுக்கிறேன். கோவில் வாசலிலோ, கலியாண மண்டபக் கதவடியிலோ நின்று "இப்படி வரக்கூடாது" என்று யாருக்காவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட எல்லோருக்கும் என் பாடு சொல்லாமலே விளங்கும்.

மரியாதையான காற்சட்டை

சிவம் அண்ணைக்கு அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் பலசரக்குக் கடை. முழங்கால் வலிக்கு நீந்தச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டார் என்று ஒரு செவ்வாய் மத்தியானம் வந்து நின்றார். கையில் துவாய், இடுப்பில் முழங்காலை மூடும் தொளதொளத்த காற்சட்டை. அதோடு இறங்க முடியாது அண்ணை என்றேன். இங்கே நகராட்சிக் குளங்களில் ஆண்களுக்கு உடம்போடு ஒட்டிய சின்ன நீச்சல் உடுப்புத்தான். தெருவில் போட்டு நடக்கக்கூடிய எதுவும் தண்ணீருக்குள் வரக்கூடாது, அழுக்கு வருமாம். தலைக்குத் தொப்பியும் கட்டாயம். அண்ணைக்குத் தலையில் ஒரு மயிரும் இல்லை, அதனால் தொப்பிக் கதையில் கோபம் இரட்டிப்பானது.

சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினேன். அந்தச் சின்னத் துண்டைப் பார்த்ததும் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"ஏன் பிள்ளை, மரியாதையா உடுத்து வாறவனைத் திருப்பி அனுப்பிப்போட்டு, ஜட்டியோடை வாறவனையோ உள்ளை விடுறியள்?"

எல்லோரும் சமம்

வியாழன் மாலைகளில் குளத்தை ஒரு சங்கம் வாடகைக்கு எடுக்கிறது. உடுப்பே இல்லாமல் வெயிலிலும் தண்ணீரிலும் இருப்பதுதான் இயல்பு என்று நம்புகிறவர்களின் சங்கம். வரும்போது கோட்டும் சால்வையுமாக, பல் வைத்தியரிடம் வருகிறவர்கள் போலத்தான் வருவார்கள். எனக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் குளம். நான் கதிரையைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நீங்கள் நினைக்கிற கூத்து ஒன்றும் அங்கே நடப்பதில்லை. நீந்துவார்கள், மூட்டு வலி பற்றிக் கதைப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள்.

சங்கத்தின் தலைவர் அர்மோன், ஓய்வு பெற்ற பஸ் சாரதி. அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். இவர்களுடைய கடற்கரைகளிலும் விடுதிகளிலும் இரண்டு வகை உண்டாம். ஒன்றில் விரும்பினால் கழற்றலாம், விரும்பாவிட்டால் போட்டுக்கொண்டே இருக்கலாம். மற்றதில் கழற்றியே ஆகவேண்டும். எங்கள் குளத்துச் சங்கம் இரண்டாவது வகை. அந்த விதியை எழுதியவரே அர்மோன்தான். ஒரு மாலை எலோடி என்று ஒருத்தி வந்தாள், முப்பது வயதிருக்கும். பழகும்வரை கீழுடுப்பை மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். அர்மோன் மிக மரியாதையாக மறுத்துவிட்டார். ஒருவர் மூடிக்கொண்டு நின்றால் மற்றவர்கள் வேடிக்கைப் பொருள் ஆகிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. அவள் மழையில் திரும்பிப் போனதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்க வேண்டும், சொன்னதையே எனக்கு இரண்டாம் தரமும் சொன்னார்.

"எல்லோருக்கும் கட்டாயம் என்றால்தான், மதாம், எல்லோரும் சமம்."

கிழமை மாறி வந்தவர்

சிவம் அண்ணை மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்தச் சின்ன உடுப்பை வாங்கிவிட்டார். தொப்பியும் வாங்கினார். வந்தது மட்டும் வியாழன் மாலை. நான் வாயைத் திறக்க முன்னமே கண்ணாடிப் பக்கம் பார்த்துவிட்டார். கையில் இருந்த பையை மெல்ல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அண்டைக்கு என்ரை உடுப்புக் கூடிப்போச்சு எண்டாய். இண்டைக்கு இதுவும் கூடவோ?" என்றார்.

வியாழனின் கதையைச் சொன்னேன். வெட்கப்பட்டு ஓடுவார் என்று பார்த்தால், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்று வியாபாரி மாதிரி விசாரிக்கிறார். எல்லாரும் தலையில் தொப்பி போட்டிருக்கினமே, அது ஏன்? தொப்பி நகராட்சியின் சட்டம், வியாழனுக்கும் விலக்கு இல்லை என்றேன். அண்ணை பைக்குள் இருந்த தன் புதுத் தொப்பியை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப ஒருத்தரும் முழுசா உரிஞ்சு நிக்கேல்லை எண்டு சொல்லு."

புட்டுப் பார்சலும் பலகையும்

கோடை விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் அத்திலாந்திக் கரைக்குப் போனோம். கடலோரமாக நடந்துகொண்டே போய் ஒரு பலகையைத் தாண்டிவிட்டோம். அதற்கு மேல் உடுப்பு அவரவர் விருப்பம் என்று அதில் இருந்தது. இவரோ முழுக்கைச் சேட்டு, நீளக் காற்சட்டை, கையில் புட்டுப் பார்சல். சிலர் ஒன்றும் இல்லாமல் படுத்திருந்தார்கள், சிலர் நீச்சல் உடுப்போடு, ஒருவர் சேட்டு மட்டும் போட்டுக்கொண்டு. எங்களை யாரும் சட்டை செய்யவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா மட்டும், இவ்வளவு துணிக்குள் அவியவில்லையா என்று இவரைக் கேட்டார். விருப்பம் என்றுதானே எழுதியிருக்கிறது, இது என் விருப்பம் என்றார் இவர். அந்த அம்மா சிரித்து, எங்கள் புட்டிலும் கொஞ்சம் சாப்பிட்டார்.

விடுமுறை முடிந்து வந்து இதை அர்மோனிடம் சொன்னேன். உடுத்தவரும் உடுத்தாதவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், யாரும் வேடிக்கைப் பொருள் ஆகவில்லையே என்று ஒரு கொக்கியும் போட்டேன். அவர் பிடிபடவில்லை.

"கடல் பெரியது, மதாம். எங்கள் குளம் சின்னது."

வராத தலைவர்

அதற்குப் பிறகு அர்மோனைக் காணவில்லை. அவர் மனைவி கொலெத் மட்டும் தனியாக வந்தார். ஒரு நாள் என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அர்மோனுக்குக் குடலில் சத்திரசிகிச்சை. மலம் வெளியேற வயிற்றில் ஒரு பை பொருத்தியிருக்கிறார்கள். மேலே அகலமான துணிப்பட்டி கட்டிக்கொண்டு தாராளமாக நீந்தலாம், நீந்தினால்தான் தெம்பு வரும் என்று டொக்டர் சொல்கிறாராம். இவர் மாட்டேன் என்கிறார். பட்டி என்றால் துணி, துணி என்றால் விதிமீறல். வியாழன் மாலைகளில் யன்னலோரம் போய் இருந்துவிடுகிறாராம், சாப்பாடும் குறைந்துவிட்டதாம்.

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் இனி வரவே மாட்டாரோ என்று பயமாகவும் இருந்தது. உங்களுக்காக ஒரு விலக்குக் கேட்டால் என்ன என்று சொல்லிப் பார்த்தீர்களா என்று கொலெத்தைக் கேட்டேன்.

"அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிய வாயால் எனக்கு மட்டும் எப்படிக் கேட்பது என்கிறார்."

சாவியோடு நின்றவள்

சங்கத்தின் கூட்டம் எங்கள் வாசல் கூடத்தில்தான் நடக்கும். கொலெத் எப்படியோ கணவரை இழுத்துவந்துவிட்டார். கோட்டுக்குள் பாதியாகிப் போயிருந்தார் மனிதர். கட்டாயத்தை எடுத்துவிடுவோம் என்றார்கள் சிலர். எடுத்தால் முறைத்துப் பார்க்கவென்றே ஆட்கள் வருவார்கள் என்றார்கள் சிலர். என் வயிற்றுக்காக விதியை வளைக்காதீர்கள், தலைவர் பதவியை விடத்தான் வந்தேன் என்றார் அர்மோன். 

கதவு பூட்டச் சாவியோடு நின்ற எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மன்னிக்க வேண்டும், எங்கள் கடைக்காரர் ஒருவர் கிழமை மாறி வந்து உங்களைப் பார்த்துவிட்டார் என்று தொடங்கி, தொப்பியைப் பற்றி அண்ணை சொன்னதை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். தொப்பி உடுப்பு இல்லையே, தண்ணீருக்குத் தேவையான ஒன்று, அவ்வளவுதானே என்றார் ஒருவர் அவசரமாக. அப்படியானால் இவருடைய பட்டி என்று கேட்டுவிட்டுக் கொலெத் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றியது. அர்மோன் மட்டும் வெறுந்தலையைத் தடவிக்கொண்டு நின்றார். கடைசியில் அவருக்கும் தோள் குலுங்கியது.

"இத்தனை வருடமும் எல்லோரும் விதியை மீறித்தான் நீந்தியிருக்கிறோம்."

மறுபடியும் வியாழன்

கட்டாயம் போய், அவரவர் விருப்பம் வந்தது. இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு சங்கத்துக்குப் போய்விட்டார்கள். முறைத்துப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அடுத்த வியாழன் அர்மோன் கறுப்புப் பட்டியும் நீலத் தொப்பியுமாகக் கொலெத்தின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக ஒரு வியாழனில் கதிரையைக் குளத்துப் பக்கம் திருப்பிப் போட்டேன். ஒரு வயதான மனிதர் மெதுவாக நீந்தினார், அவ்வளவுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எலோடிக்குச் சொல்லி அனுப்பியதும் அவர்தான். அவள் வந்து, கோட்டைக் கழற்றாமல் வாசலில் தயங்கினாள். முன்பு போல இங்கேயே நின்று திரும்ப வேண்டுமோ என்று என்னைப் பார்த்தாள். அர்மோன் தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, பட்டி தெரியத்தான், தானே வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"வாருங்கள், மதுமுவசேல். தொப்பி மட்டும் கட்டாயம்."

இப்போதெல்லாம் வியாழன் மாலை உடுத்தவர், உடுத்தாதவர், பாதி உடுத்தவர் எல்லோருக்கும் சீட்டுக் கொடுக்கிறேன், இதற்கெல்லாம் காரணமான சிவம் அண்ணையின் அந்த மரியாதையான காற்சட்டைக்கு மட்டும் நகராட்சி இன்னும் மனம் இரங்கவில்லை.