மோசமான காப்பிக்கு நான் போட்ட ஓட்டு

எங்க சைக்கிள் குரூப்ல ஏழு பேர். ஆறு ஆம்பளைங்க, நான் ஒருத்தி. ஞாயித்துக்கிழமை காலையில ராஜபாளையத்துல கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி திருவண்ணாமலை (தீபம் ஏத்துற ஊர் இல்லை, எங்க பக்கத்துப் பெருமாள் மலை) அடிவாரம் வரைக்கும் மிதிச்சிட்டுத் திரும்புவோம். உடம்பைக் குறைக்கத்தான் எல்லாரும் சேர்ந்தது. மூணாவது வாரமே பேச்சு பூரா எந்தக் கடையில காப்பி, எந்தக் கடையில பப்ஸுன்னு ஆகிப்போச்சு. முப்பது கிலோமீட்டர் மிதிச்சுக் கரைச்சதை ஒரு க்ரீம் பன் உக்காந்த இடத்துலயே திருப்பிக் குடுத்துரும்.

காப்பிக்கு நீதிபதி ஹார்ட்வேர் கடை வச்சிருக்கிற தம்பி. வீட்ல தெலுங்கு பேசுவார், கடையில தமிழ் பேசுவார், நல்ல காப்பி நாக்குல பட்டுட்டா ரெண்டையும் விட்டுட்டுக் கண்ணை மூடிக்கிடுவார். பப்ஸுக்கு நீதிபதி மிலிட்டரியில ரிட்டையர் ஆன அண்ணாச்சி. பப்ஸைக் காதுகிட்ட வச்சு நசுக்கிப் பாப்பார். சத்தம் வரலைன்னா நேத்துப் போட்டதாம்.

இந்த ரெண்டு மேதைங்களுக்கும் நடுவுல நான் ஒரே ஒரு கடையைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்தேன். வன்னியம்பட்டிப் பக்கம் மெயின்ரோட்டு மேல ஒரு பேக்கரி. அங்க குடுக்கிறது காப்பியா? பாத்திரம் கழுவுன தண்ணியில சீனி போட்டது. பப்ஸைக் கடிச்சா ரப்பர் மாதிரி இழுக்கும். ஆனாலும் வாரா வாரம், "இங்கயே நிப்போம், காப்பி நல்லாத்தான இருக்கு"ன்னு கூசாமச் சொல்லுவேன்.

"அக்காவுக்கு நாக்கு செத்துப்போச்சு"ன்னு தம்பி சிரிப்பார். "ஏன் தாயி, ஒன் சொந்தக்காரங்க கடையா?"ன்னு அண்ணாச்சி கேப்பார். "ஆமா, எனக்குச் சீதனமா எழுதி வச்சிருக்காக"ன்னு நானும் சிரிச்சு மழுப்பிருவேன்.

விஷயம் வேற ஒண்ணுமில்லை. அந்தக் கடைக்குப் பின்னால ஒரு பாத்ரூம் இருக்கு. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு, வாளியில தண்ணி இருக்கு. ஆம்பளைங்களுக்கென்ன, ரோடு நெடுகக் கருவேல மரம். "செத்த நேரம் நில்லுங்க"ன்னு சைக்கிளைச் சாச்சுட்டுப் போயிட்டு வந்துருவாங்க. நான் எங்கிட்டுப் போக? பேண்டேஜ் துணி மில்லுல நாப்பது பேரை அதட்டி வேலை வாங்குறவ நான். இதை மட்டும் சொல்ல வாய் வரலை. வெக்கம், வேற என்ன.

ஒரு ஞாயித்துக்கிழமை, அதே பேக்கரியில வச்சு, தம்பி குண்டைத் தூக்கிப் போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கடை கண்டுபிடிச்சிட்டாராம். பித்தளை ஃபில்டர், கறந்த பால், நுரை மீசையில ஒட்டுதாம். இனிமே அங்கதான், இந்தக் கடைக்கு ஒரு கும்பிடு. "சரிங்கிறவங்க கை தூக்குங்க." ஆறு கையும் மேல போச்சு. எனக்கு அந்தக் கடை தெரியும். ஒரு அடுப்பு, நாலு ஸ்டூல், பின்னால சாக்கடை.

"வேண்டாம்"னேன்.

"காரணம் சொல்லுங்கக்கா."

"பிடிக்கலை."

"குடிச்சே பாக்கலையே! நல்ல காப்பின்னா அக்காவுக்கு ஒத்துக்கிடாது போல." எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க.

இந்தக் கடை போச்சுன்னா இந்த குரூப்பும் எனக்குப் போச்சு. வாரத்துல எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு காலைதான். வந்துச்சு பாருங்க கோவம்.

"எனக்கு மட்டும் இந்தக் கழுதைக் காப்பி தித்திக்குதா? இங்க பாத்ரூம் இருக்கு! நீங்க அம்புட்டுப் பேரும் மரத்துக்கு மரம் நின்னுட்டு வாரீங்க. நான் சனிக்கிழமை சாயங்காலத்தோட தண்ணி குடிக்கிறதை நிப்பாட்டிட்டு வாரேன். தெரியுமா ஒங்களுக்கு?"

டீ மாஸ்டர்கூட ஆத்துறதை நிப்பாட்டிட்டார்.

"போன சித்திரையில ஆலங்குளம் போனப்ப தலைசுத்தி விழுந்தியே..."ன்னு அண்ணாச்சி இழுத்தார்.

"அதேதான்."

"வெயில்னுல்ல நெனச்சோம் தாயி." அவர் குரல் இறங்கிப்போச்சு. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

அடுத்த ஞாயிறு நடந்த கூத்தை என்ன சொல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல கடை கடையா ஏறுனாங்க. அண்ணாச்சி காப்பியைப் பத்திக் கேக்கவே இல்லை. நேரா பின்பக்கம் போயி கதவைத் திறந்து மூடி, குழாயைத் திருகி, மோந்து பாத்துட்டு, "ரிஜக்ட்!"னு வருவார். ஒரு கடைக்காரர் நகராட்சி சுகாதார ஆளுங்கன்னு பயந்து சுடச்சுட ஒரு தட்டு பப்ஸைக் கொண்டாந்து நீட்டிட்டார். அண்ணாச்சி ஒண்ணை எடுத்து நசுக்கி, சத்தம் கேட்டு, தின்னுட்டு, காசையும் குடுத்துட்டு, "பினாயில் போடுங்க"ன்னு அதிகாரி கணக்கா சொல்லிட்டு வெளிய வந்தார். நான் மூஞ்சியை ஹெல்மெட்டுக்குள்ள ஒளிச்சுக்கிட்டு ரோட்டுல நின்னேன். இத்தனை நாளா நான் வாயைத் திறக்காம வச்சிருந்ததை ஆறு பேரும் ஊர் பூரா விசாரிச்சுக்கிட்டு அலையுறாங்க. என் மானம் கப்பலேறிருச்சு.

அஞ்சாவது கடையில பாத்ரூம் பளிச்சுன்னு இருந்துச்சு. தாழ்ப்பாள்தான் லொடலொடன்னு ஆடுச்சு. தம்பி சைக்கிள் பையிலருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முட்டி போட்டு உக்காந்து, திருகி இறுக்கி, மூணு தடவை போட்டுப் பாத்துட்டு எந்திரிச்சார்.

காப்பி வந்துச்சு. எல்லாரும் அவர் மூஞ்சியையே பாத்தோம். ஒரு வாய் குடிச்சார். கண்ணை மூடலை.

"சுமார்தான்"னார். இன்னொரு வாய் குடிச்சார். "இனிமே இதாங்க்கா நம்ம கடை."

நான் என் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன். வீட்டுக்கு இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர் கெடக்கு.

"மாஸ்டர், எனக்கு இன்னொரு காப்பி"ன்னேன்.