வலையில்லாத கம்பு

வீட்டில் எல்லோரும் இது தை மாதத்தில் நடந்தது என்கிறார்கள். நான் மார்கழி என்கிறேன். பழவேற்காடு ஏரியில் மழைத் தண்ணீர் இறங்கி உப்பு குறைந்திருப்பது அந்தச் சில வாரங்கள்தான். உப்புத் தண்ணீரில் சித்தப்பாவின் ‘போட்டு’, அந்தக் குட்டி நீராவிப் படகு, ஓடாது. ஆகவே மாதத்தில் எனக்குச் சந்தேகமில்லை. வருடம், நான் எங்கள் ஊரான பசியாவரத்திலிருந்து படகேறி ஏழாம் வகுப்புக்குப் போன வருடம்.

சித்தப்பா மீன்பிடிப்பை விட்டுவிட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகுகளின் இன்ஜின்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ குளிர் தேசத்தில் கிழவர்கள் சின்ன நீராவிப் படகு ஓட்டுவதை ஒருநாள் போனில் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. அதில் கொதிகலன் கிடையாது. சுருட்டிய இரும்புக் குழாயை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, உள்ளே துளித்துளியாகத் தண்ணீரைச் செலுத்தினால் பட்ட மாத்திரத்தில் ஆவியாகும். அந்த ஆவி இன்ஜினைச் சுழற்றும். நடுவில் ஒரு கம்பு நட்டு, அதில் கம்பியால் கட்டிவிட்டால் படகு வட்டமாகப் பறக்கும்.

கை நீளத்துக்கு ஒன்று செய்தார். ஓடும்போதே அது அடியிலிருந்து ஏரித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கோடையில் ஓட்டியபோது குழாய்க்குள் உப்பு அடைத்து வெடித்தது. நல்ல தண்ணீரை டப்பாவில் ஏற்றிப் பார்த்தார்; பாரம் தாங்காமல் மூக்கு முழுகியது. மழைக்குப் பிறகு தினம் ஏரியில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “உங்க தம்பிக்கு டீ வேணாமாம், ஏரியே போதுமாம்” என்று அம்மா நைனாவிடம் சொல்வாள். நைனா அதை எப்போதும் “பொம்மை” என்றே சொல்வார்.

தண்ணீர் இனித்த அன்று சித்தப்பா முழங்கால் ஆழத்தில் ஒரு கம்பு நட்டார். நெருப்பு மூட்டுவதற்குள் ஊர்ப் பெரியவர் படகில் வந்துவிட்டார்.

“இன்னாடா இது?”

“போட்டு ஓட்டத்தான் பெரியப்பா. வலை கட்ட இல்ல.”

“வலையில்லாத கம்பு இன்னா கம்பு? இன்னிக்கு யாரு பாடு இது?”

எங்கள் ஏரியில் கம்பு நிற்கிற தரை எல்லாமே பாடுதான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று முறை உண்டு. கம்பு நட்டால் அந்த இடத்தைக் கேட்பதாக அர்த்தம். தொழிலை விட்ட அன்றே சித்தப்பாவின் முறை போய்விட்டது. மற்ற எல்லோரையும்விட அவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் கையில் போட்டு இருந்தால் எல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது. பெரியவரோடு வந்தவர்கள் கம்பைப் பிடுங்கிப் படகில் போட்டார்கள்.

சாயங்காலம் ஊர் கூடியது. “வர்ற மழைக்குப் பார்த்துக்கலாம்டா, பொம்மைக்கு வயசா ஆவுது?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நைனா மட்டும், “நாளன்னிக்கு என் முறை. நான் நடலாம் இல்ல?” என்று கேட்டார்.

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். “நடு. உன் இஷ்டம். ஆனா பொம்மைக்கு நட்டாலும் உன் முறை முடிஞ்சது. அடுத்த முறை சுத்தி வர்றதுக்குள்ள எறா கடலுக்குப் போயிடும், யோசிச்சுக்கோ.”

மூன்றாம் நாள் காலையில் நைனா தன் கம்பைத் தானே நட்டு, இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். படகில் வலை இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, “நைனா, வலை?” என்றேன்.

“கம்முனு குந்துடி. டேய், சீக்கிரம் மூட்டு. காத்து கிளம்பிடும்.”

குழாய் சிவந்தது. சித்தப்பா போட்டைத் தள்ளிவிட்டார். முதலில் இருமிற்று; பிறகு தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தம். போட்டைக் காணோம். கம்பைச் சுற்றி ஒரு வெள்ளை நுரை வளையமும், அதன் மேல் தொங்கும் ஆவியும்தான் தெரிந்தன. தூரத்தில் பூநாரைகள் மொத்தமாக எழும்பின. வேடிக்கை பார்க்க வந்த படகுகளில் விசில் பறந்தது. பெரியவர் எழுந்து நின்று, “இன்னொரு வாட்டி உட்றா!” என்று கத்தினார். நைனா கத்தவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். கம்பைப் பிடித்திருந்த கையை எடுக்கவே மறந்துவிட்டார் போலும், கம்பி தலைக்கு மேல் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

மத்தியானம் பருப்பும் அப்பளமும். இறால் நாளில் பருப்பா என்று எனக்கு எரிச்சல். அம்மா இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள். வீட்டில் யாருக்கும் எட்டாத வழி எனக்கு எட்டியதாக நினைத்து, “நைனா இன்னிக்கு வலையை மறந்துட்டாரு. நாளைக்கு நான் ஞாபகமா எடுத்து வைக்கிறேன்” என்றேன்.

“எடுத்து வை” என்றார் நைனா.

சித்தப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. காலையில் அவ்வளவு சிரித்தவர், தலையைக் குனிந்துகொண்டு நிமிரவே இல்லை. அவருக்குப் பசியில்லை என்று நினைத்து, அவர் தட்டில் இருந்த அப்பளத்தை நான் எடுத்துக்கொண்டேன்.