வில்லன் பேசினால் சிவப்பு

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு தமிழ் காமிக்ஸ் புத்தகம் என்னிடம் இருந்தது. அதன் எல்லாப் பக்கங்களிலும் நான் ஸ்கெட்ச் பேனாவால் கலர் அடித்து வைத்திருந்தேன். அது தெரியாமல், அந்தப் புத்தகத்தைப் பார்ப்பதற்காகவே பன்னிரண்டு பெரிய மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். அவர்களுக்குப் போன கடிதத்தில் 'புத்தகம் நல்ல நிலையில் உள்ளது' என்ற வரி நான்தான் எழுதிக் கொடுத்தது. பொய் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை.

போன மாதம் பெங்களூரில் வைட்ஃபீல்ட் பக்கம் நடந்த ஒரு காமிக்ஸ் திருவிழாவுக்குப் போனதுதான் இதையெல்லாம் கிளறிவிட்டது. வாசலில் இறக்கை கட்டிய ஒரு பையன் செக்யூரிட்டி வளையத்துக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தான். அவனைத் தாண்டி உள்ளே போனால் ஒரு கடை. நீளமான மேசை, அதில் கறுப்பு வெள்ளைப் படக்கதைப் பக்கங்கள், நூறு நிறத்தில் பேனாக்கள். என் வயதுக்காரர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு கலர் அடித்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் டிக்கெட் வாங்கி.

கடைப் பெண் ஒரு பேனாவை நீட்டினாள். "நீங்களும் ட்ரை பண்ணுங்க சார். ஸ்ட்ரெஸ் எல்லாம் போயிடும்."

"எனக்கு ஸ்ட்ரெஸ்ஸே இதனாலதாம்மா வந்தது" என்றேன். அவள் சிரித்து வைத்தாள், பாவம். நான் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். அதே வாசனை. பாதி புளித்த திராட்சை, பாதி ஆஸ்பத்திரி. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், பன்னிரண்டு பேனா உள்ள பிளாஸ்டிக் பை, வாங்கின நாலாம் நாள் மூடி தொலைந்துபோகும்.

மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு எதிரே பிரான்சிஸ் என்று ஒருவன் இருந்தான். அவனுடைய மாமா துபாயிலிருந்து இங்கிலீஷ் காமிக்ஸ் அனுப்புவார். வழவழ தாள், எல்லாப் பக்கமும் கலர். எனக்குத் தமிழ் காமிக்ஸ்தான். பழுப்புத் தாள், அட்டையைத் தவிர எல்லாம் கறுப்பு வெள்ளை, படிக்கும்போதே மை விரலுக்கு வந்துவிடும். ஒருநாள் பிரான்சிஸ் என் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னான்: "இன்னாடா இது, உங்க தமிழ் புக்குக்கு கலர் வாங்க துட்டு இல்லியா?"

பதினோரு வயதில் இந்த மாதிரிக் கேள்விக்கு அடிதடிதான் பதில். ஆனால் பிரான்சிஸ் என்னைவிட ஒரு ஜாண் உயரம். அதனால் நான் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன்.

அப்போது கையில் இருந்தது ஒரு தீபாவளி மலர். அப்பா கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்குகிறவர். ஏதோ வேலையாக ஜோலார்பேட்டை போனவர், பிளாட்பாரக் கடையில் வாங்கி வந்தார். அந்த வருஷம் காமிக்ஸ் கம்பெனி குடோனில் மழைத் தண்ணீர் புகுந்து மலர்க் கட்டுகள் எல்லாம் ஊறிப்போனதும், தப்பித்து வெளியே போனது சில கட்டுகள்தான் என்பதும் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். கதையில் ஒரு ஷெரீப், ஒரு வில்லன், ஒரு குதிரை. பெயர்களைச் சொன்னால் ரசிகர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுவோம்.

கலர் அடிப்பதற்கு நானே சட்டம் போட்டேன். வானம் மஞ்சள், ஏனென்றால் பாலைவனம். யார் பேசினாலும் அந்தப் பேச்சு பலூனுக்கும் கலர் உண்டு. ஷெரீப் பேசினால் வெளிர் நீலம், வில்லன் பேசினால் சிவப்பு. குதிரைக்குப் பிரவுன் வேண்டும். ஆனால் பிரவுன் பேனாவை அக்கா இந்தியா மேப்பில் மலைகள் வரைந்தே தீர்த்துவிட்டாள். அதனால் குதிரை பச்சை.

பிரான்சிஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "குதிரை எங்கயாச்சும் பச்சையா இருக்குமாடா?" என்றான். "அமெரிக்காவுல இருக்கும்" என்றேன். மூன்று வருஷம் நம்பினான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒரு கூரியர் ஆபீஸில் கவர் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த காலம். சம்பத் சார் என்று ஒருவர், பேங்க் கேஷியர், தமிழ் காமிக்ஸ் ரசிகர்களுக்கெல்லாம் இன்லண்ட் லெட்டர் போட்டு ஒரு கூட்டம் கூட்டினார். பதின்மூன்று பேர் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'அகில பெங்களூர் காமிக்ஸ் ரசிகர் மாநாடு'. அல்சூரில் ஒரு சந்து, மாடியில் காதுகுத்து, நிச்சயதார்த்தத்துக்கு விடுகிற சின்ன ஹால். காவிரிக் கலாட்டா நடந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழில் போர்டு எழுதி வாசலில் மாட்ட ஹால்காரருக்குப் பயம். சம்பத் சார் போர்டின் ஒரு பக்கம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி வெளியே பார்க்க மாட்டினார். பின்பக்கம், ஹாலுக்குள் பார்க்கிற மாதிரி, இன்னும் பெரிய எழுத்தில் தமிழ். அதற்காகவே அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் புத்தக விஷயத்தில் அவர் வேறு ஆள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் பக்கம் திருப்பக் கூடாது. ஒவ்வொரு புத்தகமும் பிளாஸ்டிக் உறைக்குள், உள்ளே ஒரு காய்ந்த வேப்பிலை. வெள்ளை பெட்ஷீட் விரித்த மேசையில் பத்து வருஷத்துப் புத்தகங்களை வரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அது என் தீபாவளி மலருக்கு. வந்தவர்கள் எல்லோரும் அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரிடமும் அந்த ஒன்றுதான் இல்லை. ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொண்டுபோவதாகத் திட்டம்.

சம்பத் சார் கை கழுவி வந்து புத்தகத்தை வாங்கினார். அட்டை அச்சிலேயே கலர் என்பதால் அதுவரை ஆபத்தில்லை. முதல் பக்கத்தைத் திருப்பினார். கீழே சமையல்கட்டில் வெங்காயம் வதங்கும் சத்தம் மாடிவரை கேட்டது.

"என்னப்பா இது?"

"புக்கு சார்."

"புக்கா? தேர்த்திருவிழா மாதிரி இல்ல இருக்கு!"

யாரோ சிரித்தார்கள். சேலத்திலிருந்து வந்தவர் சிரிக்கவில்லை. ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே வந்தவர். சரி, எப்படியும் ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளைதானே என்று கீழே மஞ்சுநாத் கடைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்து மெஷினுக்கு ஒரு குணம் உண்டு: வெளிர் நீலம் அதன் கண்ணுக்குத் தெரியாது, சிவப்பு தார் மாதிரி கறுப்பாக விழும். புத்தகமும் முதல் பிரதியும் மேலே வந்தன. ஷெரீப் பேசியது பளிச்சென்று இருந்தது. வில்லன் பேசியது முழுக்க ஒரே இருட்டு. நாற்பத்தெட்டுப் பக்கத்திலும் ஷெரீப் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார், அந்தப் பக்கம் பதிலே இல்லை.

கே.ஜி.எஃப்.பிலிருந்து சேவியர் வந்திருந்தார், தங்கச் சுரங்கத்து லேபில் வேலை. "ஸ்பிரிட்ல பஞ்ச நனைச்சு ஒத்தி எடுத்தா கலர் போயிடும் சார். மெடிக்கல்ல கிடைக்கும்" என்றார். உடனே ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நான் பஸ்ஸில் வரும்போதே ஒரு மன்னிப்பைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். 'சின்ன வயசு சார், தெரியாம பண்ணிட்டேன்' என்று ஆரம்பிக்கும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஒரு சொட்டு அது மேல விழக்கூடாது."

சம்பத் சார் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நீ படிச்சுட்டே. நாங்க பத்து வருஷமா தேடறோம்."

"படிங்க சார். இதோ இருக்கு."

"இப்படியா படிக்கறது?"

"நான் இப்படித்தான் படிச்சேன்."

"கெடுத்துட்டு வந்து நிக்கறே. தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்யா."

"சொல்ல மாட்டேன். தப்புப் பண்ணல. உங்க புக்கெல்லாம் ஐசியூல படுத்திருக்கு. என் புக்கு ஒண்ணுதான் எழுந்து ஊர் சுத்தியிருக்கு."

சொல்லிவிட்டு மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். விறுவிறுவென்று மாடிப்படிக்கு நடந்தேன். படியிறங்கியிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டேன். அவர்களும் அந்தக் கதையைப் படித்திருக்க மாட்டார்கள்.

படியில் எதிரே மஞ்சுநாத் மிச்சப் பிரதிகளோடு ஏறி வந்தார். அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. என் சட்டைக்கு வெளியே துருத்திய புத்தகத்தை உரிமையாக உருவிப் பிரித்தார்.

"குதுரெ ஹசுரு! சென்னாகிதெ குரு. யாரு மாடித்து இது?" என்றார். பச்சைக் குதிரை நன்றாக இருக்கிறதென்று உலகத்தில் முதன்முதலாக ஒருவர் சொல்லி, யார் செய்தது என்றும் கேட்கிறார். நான்தான் என்றேன். உள்ளே நடந்த சண்டையைக் கேட்டுவிட்டு, என்னையும் மேலே இழுத்துக்கொண்டு போய், அவர்களிடம் தன்னுடைய தமிழில் தீர்ப்பும் சொன்னார்: "இதுக்குப் போயி ஸ்பிரிட்டா? கறுப்பு வுழுந்த எடத்துல வெள்ளைப் பேப்பர் ஒட்டுங்கோ, இவன் படிக்கட்டும், நீங்க எழுதுங்கோ. நான் திரும்ப ஜெராக்ஸ் போட்டுக் குடுக்கறேன்."

அப்படித்தான் நடந்தது. வெள்ளைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, கறுத்த பலூன்களின் மேல் ஒட்டினார்கள். ஆளுக்கு நாலு பக்கம் என்று பிரித்துக்கொண்டு பெரிய மனிதர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நான் நடுவில் நின்று வில்லன் பேசியதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். "ஷெரீப்! இந்த ஊரில் தண்ணீர்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஓடும்!" என்று கர்ஜித்தபோது கீழே சமையல்காரர் கரண்டியோடு படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும், சாயங்காலம் அங்கே நிச்சயதார்த்தம். மூன்று மணிக்கு எனக்குக் குரல் கட்டியது. சேவியர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். "அந்த வில்லன் சிரிப்ப இன்னொரு வாட்டி சிரி ப்ரதர்" என்றார். வில்லனுக்கு ஒரே வாய், கையெழுத்து மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மாறியது.

கடைசி நாலு பக்கம் சம்பத் சாருக்கு வந்தது. அதுவரை அவர் சுவரோரம் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். தாள் கைக்கு வந்ததும் தரையில் இறங்கினார். கடைசிப் பக்கத்தில் வில்லன் சுடப்பட்டு மணலில் கிடக்கிறான். "என் தொப்பியை எடுத்துக் கொடு, ஷெரீப். வெறுந்தலையோடு போய்ப் பழக்கமில்லை."

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் தலை நிமிராமல். சொன்னேன். எழுதி முடித்து ஊதிக் காய வைத்துவிட்டு, "தொப்பி குடுத்தானா?" என்று கேட்டார். அடுத்த கட்டத்தைக் காட்டினேன். கொடுத்திருந்தான்.

அந்த ஹாலில் இன்றைக்கு ஜிம் நடக்கிறது. மஞ்சுநாத் கடை இருந்த இடத்தில் மொபைலுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். சுரங்கத்தை மூடிய பிறகு சேவியர் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. கடிதம் போட்டேன், திரும்பி வந்தது. இன்லண்ட் லெட்டர் என்று சொன்னால் என் பெண்ணுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அந்த ஜெராக்ஸ்கள் வெளிறி, இப்போது வெறும் தாளாகியிருக்கும். கதையே கெட்டி அட்டையில், உயர்ந்த தாளில், கம்பெனி அடித்த கலரில் வந்துவிட்டது. வாங்கினேன். குதிரை பிரவுன். அதை எனக்கு யாரென்றே தெரியவில்லை. என் தீபாவளி மலர் பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே, உறையும் இல்லாமல் வேப்பிலையும் இல்லாமல் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் கை கழுவச் சொல்லாமல் எடுத்துக் கொடுக்கிறேன். வைட்ஃபீல்டில் அன்றைக்கும் அந்த மேசையில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் ஒரு வானத்துக்கு மஞ்சள் அடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சம்பத் சாரும் இப்போது இல்லை. மாநாடு முடிந்த அன்று அல்சூர் பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேரும்தான் நின்றோம். அவர் பஸ் முதலில் வந்தது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிச் சொன்னார்:

"நீ புக்கு படிக்கத்தான்யா லாயக்கு. வச்சுக்க லாயக்கில்ல."